பேரேட்டின் சாவி யார் கையில்?

தமிழ்த்துறை வெளியிடும் மலர் ஒன்றில் கடைக் கணக்கைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்னும் ஐயம், எழுதுகோலைக் கையில் எடுத்தபோதே எனக்கு எழுந்தது. இலக்கியக் கட்டுரைகளுக்கும் கவிதைகளுக்கும் நடுவே மென்பொருள் பற்றிய பேச்சு வந்து அமர்ந்தால், பந்தியில் அழையா விருந்தாளி அமர்ந்தது போல் இருக்குமோ என்று தயங்கினேன். ஆயினும் இக்கல்லூரியில் பயிலும் மாணவர்களில் பலர் கடை வைத்திருக்கும் குடும்பங்களிலிருந்து வருகின்றனர். இம்மலரைக் கையில் எடுக்கும் பெரியோர்களில் பலர் இன்றும் கல்லாவில் அமர்ந்திருப்பவர்கள். அவர்கள் வீடுதோறும் இன்று நடக்கும் வாக்குவாதம் ஒன்று எங்கள் வீட்டிலும் நடந்தது. அதனை முன்னிட்டே இக்கட்டுரை.

மேலும், கணக்கு தமிழுக்கு அயலானதன்று. பற்று, வரவு, சிட்டை, குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை, கைச்சாத்து என்னும் சொற்களைப் புலவர்கள் அமர்ந்து ஆக்கித் தரவில்லை. கடைத்தெருவில் புழங்கியோர் வழங்கியவை அவை. நம் மாவட்டத்துக் கொடும்பாளூரில் மணிக்கிராமம் என்னும் வணிகக் குழு இருந்ததைக் கல்வெட்டுகளால் அறிகிறோம். திருக்கோகர்ணத்துக் குடைவரைக் கோயிலுக்குச் செல்வோர் அங்குள்ள கல்வெட்டு வரிகளைக் காணலாம். நம் நாட்டுக் கோயில் கல்வெட்டுகளை ஊன்றிப் படித்தால், அவற்றுள் பெரும்பகுதி கணக்கே என்பது விளங்கும்: இன்னார், இவ்வளவு பொன், இவ்வளவு நிலம், இத்தனை ஆடு, இன்ன விளக்குக்கு. கொடுத்ததையும் பெற்றதையும் பலர் அறிய எழுதி வைப்பது அறத்தின் ஒரு கூறு என்று முன்னோர் கருதினர். திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் எதுவென்று கேட்டால், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் என்று மாணவர்கள் சொல்லிவிடுவர். தவணை குறித்த கடனை எழுதி வைப்பதையும், எழுதுபவன் நேர்மையையும், சாட்சிகளையும் பற்றியது அது. வணக்கத்தையோ நோன்பையோ பற்றிய வசனங்களைக் காட்டிலும் கொடுக்கல் வாங்கலைப் பற்றிய வசனம் நீண்டிருப்பது சிந்தனைக்குரியது.

இனி எங்கள் கடைக்கு வருகிறேன். திருக்கோகர்ணத்தில் எங்கள் அத்தா தொடங்கிய சிறிய பாத்திரக் கடை அது. எவர்சில்வர், பித்தளை, செம்பு, அலுமினியம், கலியாண வீட்டுக்குத் தேக்சா, சீர்வரிசைக்குக் குடமும் தாம்பாளமும். கூடவே சில மிக்சிகள். நான் ஆசிரியப் பணிக்கு வந்துவிட்டபடியால், கடையைத் தம்பி நடத்துகிறான். அத்தா எண்பதைக் கடந்தவர். இன்றும் அஸர் தொழுகைக்குப் பின் கடைக்கு வந்து, சிவப்புத் துணி ஒட்டிய நீளப் பேரேட்டைத் திறந்து, அன்றைய சிட்டையைப் பார்த்துப் பெயரேற்றுவார். அவருடைய பேரேட்டில் அடித்தல் உண்டு, அழித்தல் கிடையாது. தவறு நேர்ந்தால் மேலே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சிறு கையெழுத்திடுவார். தவறும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை.

2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, அந்தப் பேரேடு மட்டும் போதாது என்றாயிற்று. ஒவ்வொரு பட்டியலிலும் மாநில வரி ஒரு பாதி, மத்திய வரி ஒரு பாதி, பொருளுக்குக் குறியெண், வாங்குபவர் வணிகராயின் அவருடைய பதினைந்து இலக்கப் பதிவெண். தம்பி ஒரு கணினியை வாங்கினான். நகரத்தில் ஒருவர் தாமே எழுதிய பட்டியல் மென்பொருள் ஒன்றை மலிவாக நிறுவித் தந்தார். முதல் ஓராண்டு எல்லாம் செம்மையாகவே நடந்தது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை இங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் கடையின் பின்புறத் தகரம் பறந்தது. கணினி மழையில் நனைந்தது. பல நாள் மின்சாரம் இல்லை. மின்சாரம் வந்தபோது கணினி வரவில்லை. பழுது நீக்குபவர் உள்ளிருந்த வன்தட்டை ஒருவாறு உயிர்ப்பித்துக் கோப்பை எடுத்துக் கொடுத்தார். அக்கோப்பை வேறு எந்த மென்பொருளாலும் திறக்க இயலவில்லை. எழுதிக் கொடுத்தவரோ அதற்குள் தொழிலை விட்டு வேறு ஊர் சென்றிருந்தார். தொலைபேசியில் கிடைத்தபோது, மறுபடி நிறுவுவதற்குப் புதிதாகப் பணம் கேட்டார். பணத்தைக் கொடுத்த பின்னும் பாதிக் கணக்கே திரும்பிற்று. மீதியைப் பட்டியல் புத்தகங்களின் கார்பன் நகல்களிலிருந்து தம்பியும் அவன் மனைவியும் இரவெல்லாம் அமர்ந்து ஏற்றினர். அத்தாவின் சிவப்புப் பேரேடு மட்டும், ஓரம் நனைந்திருந்த போதிலும், ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தது. அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் குறையாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டோம்.

இதன்பின் கடையில் மற்றொரு கணினியும் மற்றொரு மென்பொருளும் வந்தன. 2025 செப்டம்பர் 3ஆம் நாள், ஜி.எஸ்.டி. மன்றம் வரிப் படிகளை மாற்றிற்று. 12, 28 என்ற படிகள் பெரும்பாலான பொருள்களுக்கு நீங்கி, 5, 18 என்றாயின. செப்டம்பர் 22 முதல் நடைமுறை. எவர்சில்வர், பித்தளைப் பாத்திரங்கள் 12இலிருந்து 5க்கு இறங்கின. மிக்சி 18இலேயே நின்றது. மக்களுக்கு மகிழ்ச்சியான செய்திதான். கடைக்காரருக்கோ பத்தொன்பது நாள் அவகாசத்தில் நூற்றுக்கணக்கான உருப்படிகளின் விகிதத்தை மாற்றும் வேலை. செப்டம்பர் 20இல் விற்ற குடத்தை 25இல் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தால், அதற்குரிய வரவுச் சீட்டைப் பழைய 12 விழுக்காட்டிலேயே எழுத வேண்டும். கடைக் கணினியில் இருந்த பழைய பதிப்பு அதனை அறியவில்லை. அப்போதுதான், இவ்வாண்டு வணிகவியல் முடித்த தம்பி மகன், “பெரியத்தா, இதையெல்லாம் மேகத்துல போட்டுட்டா அவங்களே மாத்திக் கொடுத்துடுவாங்க. அத்தாகிட்டயும் நீங்கதான் சொல்லணும்” என்று என்னிடம் வந்து நின்றான். அவன் தந்தைக்கு அரை மனம். என் தந்தைக்கு மனமே இல்லை. நடுவராக நான்.

மேகம் என்பது நல்ல பெயர்தான். வானம் பார்த்த பூமியாகிய புதுக்கோட்டையில் மேகத்தை நம்பி வாழ்வது நமக்குப் புதிதன்று. அது பொய்ப்பதும் புதிதன்று. ஆனால் மேகக் கணிமை என்று வழங்கப்படுவது மேலே எங்கும் மிதப்பதில்லை. சென்னையிலோ மும்பையிலோ வேறு நாட்டிலோ, குளிரூட்டப்பட்ட ஒரு கட்டடத்தில், வேறொருவருக்குச் சொந்தமான கணினியில் நம் கணக்கு இருக்கிறது. இணையத்தின் வழியே அதனை நாம் எட்டிப் பார்க்கிறோம். மென்பொருளை விலைக்கு வாங்குவதில்லை. ஆண்டு வாடகை கட்டுகிறோம். 1986இல் பெங்களூரில் பிறந்த டேலி, அடிப்படையில் கடைக் கணினியிலேயே குடியிருக்கும் வகையைச் சேர்ந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் அமைத்த ஜோஹோ நிறுவனம் 2011இல் வெளியிட்ட ஜோஹோ புக்ஸ், தொடக்கம் முதலே மேகத்தில் குடியிருக்கும் வகை. தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்று இத்துறையில் உலகெங்கும் பெயர் பெற்றிருப்பது நமக்குப் பெருமை. எனினும், கணக்கு மென்பொருளைப் பெருமைக்காகத் தேர்ந்தெடுக்கலாகாது.

மேகத்தின் நன்மைகளை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. வரி விகிதம் மாறினால், மாற்றம் ஓரிடத்தில் செய்யப்பட்டு எல்லாருக்கும் போய்ச் சேர்கிறது. கஜா போன்ற புயல் மீண்டும் வந்து கணினி நனைந்தால், கணக்கு நனைவதில்லை. மின்சாரம் வரும்வரை எட்ட இயலாதே தவிர, எட்டும்போது முழுமையாக இருக்கும். கும்பகோணத்துக்குச் சரக்கெடுக்கச் சென்ற தம்பி, அங்கிருந்தே கடை இருப்பைக் கைப்பேசியில் பார்க்கலாம். நமக்குச் சரக்கு விற்றவர் தம் பட்டியலை அரசிடம் காட்டினாரா இல்லையா என்பதை, மாதந்தோறும் வரும் 2பி அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர் காட்டாவிடில் நாம் கட்டிய வரி நமக்கு வரவாகாது என்பதால், சிறு கடைக்கு இது பெரும் பணம். இவ்வளவும் உண்மையே.

ஆயின் கடைக்காரர்கள் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்கும் வினாக்கள் இரண்டே இரண்டாக இருப்பதைக் காண்கிறேன். ஆண்டுக்கு எவ்வளவு? என்னென்ன வசதிகள்? முகவர்களும் இவ்விரண்டுக்கே விடை வைத்திருக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டிய வினா வேறொன்று என்பது என் துணிபு: நாளை நான் இந்த வீட்டைக் காலி செய்ய நினைத்தால், என் பொருள்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா?

இது வீண் அச்சமன்று. அமெரிக்காவின் இன்ட்யூட் நிறுவனத்தின் குவிக்புக்ஸ், உலகில் சிறு வணிகர்களிடையே மிகப் பரவலாக வழங்கும் மேகக் கணக்கு. இந்தியாவிலும் பல்லாண்டு கடை விரித்திருந்தது. 2022ஆம் ஆண்டில், இந்தியச் சேவையை நிறுத்தப் போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2023 ஜனவரி இறுதியோடு சேவை நின்றது. முன்னறிவிப்புக் கொடுத்தார்கள், தரவை இறக்கிக்கொள்ள அவகாசமும் கொடுத்தார்கள். அவ்வகையில் அவர்கள் முறையாகவே நடந்துகொண்டனர் எனலாம். ஆனால் அறிவிப்பைப் படிக்காதவர், கணக்கரை நம்பிச் சும்மா இருந்தவர், ‘பிறகு பார்த்துக்கொள்வோம்’ என்றவர் நிலையை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு, கணக்குகளை ஆண்டறிக்கைக்கு உரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காத்து வைக்க வேண்டும் என்கிறது. 2021–22ஆம் ஆண்டுக் கணக்குக்கு அந்தக் கடைசி நாள் 2022 டிசம்பர் 31. ஆகவே 2028ஆம் ஆண்டு முடியும் வரை அது கையில் இருக்க வேண்டும். மென்பொருள் 2023இலேயே விடைபெற்றுவிட்டது. ஆறாண்டுக்கும் மேல் காக்க வேண்டிய ஏட்டை ஓராண்டு வாடகை வீட்டில் வைத்திருக்கிறோம் என்னும் முரண்பாடு இதில்தான் உள்ளது. வரி அதிகாரி வந்து கேட்கும்போது, ‘நிறுவனம் போய்விட்டது’ என்பது விடையாகாது. கேட்கப்படுவது நிறுவனம் அன்று, நாம்.

சிறியவர்க்கு மட்டுமே இந்நிலை என்று கருத வேண்டா. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடைகளைத் தொடர்ந்து, குஜராத்தில் பெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாப்ட் தன் சேவைகளை நிறுத்தி வைத்தது. மின்னஞ்சல் முதலியவற்றைத் தன் ஊழியர்களே எட்ட முடியாமல், நயாரா தில்லி உயர் நீதிமன்றத்தை நாடிற்று. சில நாள்களில் சேவை மீண்டது. அவர்களுக்கு வழக்கறிஞர்கள் இருந்தனர். திருக்கோகர்ணத்துப் பாத்திரக் கடைக்காகத் தில்லிக்குச் செல்வது யார்?

எனவே தம்பி மகனிடம் நான் முதலில் சொன்னது இதுதான்: பணம் கட்டுவதற்கு முன், வெளியேறிப் பார். பெரும்பாலான நிறுவனங்கள் சில நாள்களுக்கு இலவசமாகப் பயன்படுத்தித் தருகின்றன. அந்நாள்களில் இருபது பட்டியல், பத்துக் கொள்முதல், ஐந்தாறு வாடிக்கையாளர் பாக்கி, இரண்டு திருப்பம் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். பிறகு எல்லாவற்றையும் இறக்கிப் பார்க்க வேண்டும். பட்டியல்கள் படமாக வந்தால் போதாது. அச்சிட்டுக் காட்ட அவை உதவும், வேறொரு மென்பொருளில் ஏற்ற உதவமாட்டா. எக்செல் போன்ற அட்டவணையாக, நாள், எண், பெயர், பொருள், அளவு, வரி, தொகை ஆகியன தனித்தனிப் பத்திகளாக வர வேண்டும். வாடிக்கையாளர் பெயர்கள் வந்துவிட்டு அவர்தம் பாக்கி வராமல் போவதுண்டு. பாக்கி வந்து, எந்தப் பட்டியலுக்குரிய பாக்கி என்பது வராமல் போவதும் உண்டு. கொள்முதல் பட்டியலின் ஒளிப்படங்களை மென்பொருளிலேயே ஏற்றி வைத்திருந்தால், அவை தனியே இறங்குகின்றனவா என்றும் காண வேண்டும். இறக்கிய அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு, மென்பொருளைத் திறவாமல், ஒரு தாளில் ஐந்தொகை எடுத்துப் பார்த்து, இரண்டும் ஒத்துவந்தால் அந்த வீட்டுக்குப் பின்கதவு உண்டு என்று பொருள். தம்பி மகன் மூன்று மென்பொருள்களை இவ்வாறு சோதித்தான். ஒன்றில் பட்டியல் எல்லாம் அழகாக இறங்கின, கொள்முதல் இறங்கவில்லை. முகவரைக் கேட்டதற்கு, “அதை யாரும் கேட்கிறதில்லையே” என்றாராம்.

இரண்டாவதாகச் சொன்னது, மென்பொருளைவிட எளிய செய்தி. ஆனால் நம் ஊர்களில் மிகுதியாகத் தவறுவது இதில்தான். கணக்கைத் திறக்கும் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் யாருடையவை? கடைக்காரர் தமக்குத் தெரியாது என்று ஒதுங்கிக்கொள்ள, கணக்கு எழுதும் இளைஞர் தம் மின்னஞ்சலையும் தம் எண்ணையும் கொடுத்துப் பதிவு செய்துவிடுகிறார். ஒருமுறைக் கடவுச்சொல் அவருக்கே போகிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் வளைகுடா நாட்டுக்குப் போகலாம், எண்ணை மாற்றலாம், மனக்கசப்பால் விலகலாம். எனக்குத் தெரிந்த ஒருவர், தம் சொந்தக் கணக்குக்குள் நுழைவதற்கு, சம்பளப் பாக்கிப் பேச்சு முடியும்வரை மூன்று வாரம் காத்திருந்தார். கல்லாச் சாவியை இடுப்பில் முடிந்துகொள்ளும் நம் மக்கள், பேரேட்டின் சாவியை வழியில் போவோர் கையில் கொடுத்துவிடுவது வியப்பாக உள்ளது. பதிவு உரிமையாளர் பெயரில், உரிமையாளர் எண்ணில் இருக்க வேண்டும். கணக்கருக்குத் தனி நுழைவும், அவர் செய்யும் திருத்தங்களின் பதிவும் இருக்க வேண்டும். பதிவு பெற்ற கம்பெனிகள் பயன்படுத்தும் மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்னும் தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் முதல் சட்டம். தனி உரிமையாளர் கடைகளுக்கு அது கட்டாயமில்லை. ஆயினும் அத்தாவின் கோடு கிழித்த திருத்தத்துக்கும் இதற்கும் நான் வேறுபாடு காணவில்லை.

இனிக் கடையின் இயல்பு. எல்லாக் கடைக்கும் ஒரே மென்பொருள் பொருந்தாது. பாத்திரக் கடையில் எவர்சில்வர் கொள்முதலில் கிலோவாக வரும். விற்பனையில் உருப்படியாகப் போகும். பித்தளையோ விற்பனையிலும் எடைக்கே. இரண்டு அளவையும் ஒரே பொருளுக்கு ஏற்கும் மென்பொருள் வேண்டும்; இல்லையேல் ஆண்டு முடிவில் இருப்பு பொய் சொல்லும். பழைய பாத்திரத்தைக் கொடுத்துப் புதியதை வாங்கும் வழக்கம் நம் பெண்மக்களிடம் இன்றும் உள்ளது. பழையதன் மதிப்பைக் கழித்துவிட்டு மீதித் தொகைக்கு மட்டும் வரி போடுவது பல கடைகளில் நடப்பது. சட்டப்படி அது தவறு. புதிய பாத்திரத்தின் முழு மதிப்புக்கும் வரி. பழையது தனியே வரவு. இதனைச் செம்மையாக எழுத எந்த மென்பொருள் இடம் தருகிறது என்பதை முகவர் காட்டும் படங்களில் அறிய முடியாது. நம் கடையின் ஒரு வாரச் சிட்டையை ஏற்றிப் பார்த்தே அறிய வேண்டும்.

நம் சமுதாய வணிகர்களுக்கு மற்றொரு தேவையும் உண்டு. ஜகாத் சந்திர ஆண்டைப் பின்பற்றுவது. 354 அல்லது 355 நாள். அரசின் நிதியாண்டோ ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் 365 நாள். ரமலானில் ஒரு நாளை வைத்து, கையிருப்புச் சரக்கின் மதிப்பு, ரொக்கம், வரவேண்டிய நல்ல பாக்கி, கொடுக்க வேண்டியது ஆகியவற்றைக் கண்டு நூற்றுக்கு இரண்டரை ஒதுக்க வேண்டுமாயின், மென்பொருள் மார்ச் 31க்கு மட்டுமன்றி, நாம் குறிக்கும் எந்த நாளுக்கும் ஐந்தொகை தர வேண்டும். பல மென்பொருள்கள் தருகின்றன. கேட்டுத் தெரிந்துகொள்பவர் சிலரே. பலர் இன்றும் மதிப்பீட்டில் ஒதுக்குகின்றனர். கையில் கணக்கு இருக்கும்போது மதிப்பீடு எதற்கு?

இவ்விடத்தில் மனத்தை உறுத்திய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். தம்பி, இதற்கு முன் கைப்பேசியில் ஒரு பாக்கிக் கணக்குச் செயலியைச் சில மாதம் வைத்திருந்தான். தவணை கடந்தவர்களுக்கு அச்செயலி தானே குறுஞ்செய்தி அனுப்பும். தம்பிக்கு அது அனுப்புகிறது என்பதே தெரியாது. பல ஆண்டாக எங்களிடம் வாங்கும் ஒரு குடும்பத்தில் இறப்பு நேர்ந்தது. மூன்றாம் நாள், அவ்வீட்டுக்காரர் கைப்பேசிக்கு, இவ்வளவு பாக்கி, உடனே செலுத்துக என்னும் செய்தி எங்கள் கடைப் பெயரில் போயிற்று. அவர் அன்று மாலையே மகனிடம் பணத்தைக் கொடுத்தனுப்பினார். அதன்பின் எங்கள் கடைப்படி ஏறவில்லை. அத்தா நேரில் சென்று வருத்தம் தெரிவித்து வந்தார். நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு அவகாசம் தருவதை மார்க்கம் நன்மையாகப் போற்றுகிறது. பொறிக்கு அந்த நாகரிகம் தெரியாது. அதன் அமைப்பில் எங்கோ ஒரு மூலையில் அச்செய்தியை நிறுத்தும் விசை இருந்திருக்கிறது. யாரும் தேடவில்லை. ஆதலால் மென்பொருள் எதையெல்லாம் நம்மைக் கேளாமல் நம் பெயரால் செய்கிறது என்று முதல் நாளே பார்த்து, தானியங்கு நினைவூட்டலை அணைத்து வைப்பது நலம். கடன்பட்டவர் பெயரும் எண்ணும் அவருடைய மானம் சார்ந்தவை. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே நம் நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இல்லாவிடினும் அது அமானிதம்.

தமிழைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் கடையின் பழைய பேரேட்டில் ‘கொடுத்து வர வேண்டியது’, ‘வந்து கொடுக்க வேண்டியது’ என்றிருந்த தலைப்புகளை அத்தாவும் புரிந்துகொள்வார், பட்டியல் போடும் பெண்ணும் புரிந்துகொள்வார். புதிய திரையில் ஆங்கிலத் தலைப்புகள். தம்பி மகனுக்கு அவை எளிது, உரிமையாளருக்கு அரிது. உரிமையாளர் படிக்க இயலாத கணக்கு, உரிமையாளர் கணக்காகுமா? திரையும் பட்டியலும் அறிக்கையும் தமிழில் வருமா என்பதை ஒவ்வொரு முகவரிடமும் கேட்க வேண்டும். கேட்பவர் பெருகினால் தருபவர் பெருகுவர். அப்போதும் மொழிபெயர்ப்பாளர்கள் புதுச்சொல் ஆக்கிக் குழப்பாமல், பேரேடு, ஐந்தொகை என்று கடைத்தெரு ஏற்கெனவே வைத்திருக்கும் சொற்களை எடுத்தாள வேண்டும். தமிழ்த்துறை மாணவர்கள் செய்யக்கூடிய நல்ல பணிகளுள் ஒன்று, புதுக்கோட்டைக் கடைவீதிகளிலும் நகரத்தார் ஊர்களிலும் எஞ்சியிருக்கும் பழைய பேரேடுகளைக் கண்டு, அச்சொற்களைத் தொகுப்பது. செல்லரிப்பதற்கு முன் செய்தால் நன்று.

இத்தனையும் கேட்ட பெரியவர் ஒருவர், “அப்படியானால் நோட்டுப் புத்தகமே போதுமே” என்றார். சிலருக்குப் போதும். பொருள் விற்பனையில் ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சத்தைத் தாண்டாமல், உள்ளூரிலேயே விற்று, ஜி.எஸ்.டி. பதிவும் தேவைப்படாதவர், நாகரிகத்துக்காக வாடகை கட்ட வேண்டியதில்லை. நோட்டும் பேனாவும் அவருக்குச் சிறந்த மென்பொருள். பதிவு பெற்றவரோ, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் காலாண்டு முடிவில் கணக்கரிடம் மூட்டையாகக் கொட்டும் பழக்கத்தை விடுவதே நல்லது. அவ்வாறு கொட்டுபவருக்குத் தம் இலாபம் எவ்வளவு என்பது, இலாபம் செலவான பிறகே தெரியவருகிறது.

இறுதியில் எங்கள் கடைக்கு மேகக் கணக்கையே தேர்ந்தெடுத்தோம். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். எங்கள் கடைக்குப் பொருந்தியது இன்னொருவர்க்குப் பொருந்த வேண்டுமென்பதில்லை. அதுவே மூன்றில் விலை மலிவானதன்று. முழுதாக இறங்கியது அது ஒன்றே. ஒப்பந்தத்தில் அத்தா ஒரு நிபந்தனை சேர்த்தார். ஆங்கில மாதத்தின் முதல் வெள்ளியன்று, ஜும்ஆவுக்குப் பின் கடை திறக்கும் முன், தம்பி மகன் முந்திய மாதக் கணக்கை முழுவதும் இறக்கி, ஒரு படியைக் கடையிலும் ஒரு படியை என் வீட்டிலும் வைக்க வேண்டும். பாக்கிப் பட்டியலை மட்டும் தாளில் அச்சிட்டு அவரிடம் தர வேண்டும். அவர் அதனைச் சிவப்புப் பேரேட்டோடு வரிவரியாக ஒத்துப் பார்க்கிறார். சென்ற மாதம் இரண்டிடத்தில் வேறுபாடு கண்டார். ஒன்றில் மென்பொருளில் ஏற்றியது தவறு. மற்றொன்றில் அவர் எழுதியது தவறு. மேலே கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட்டார்.